பைலட் மாப்பிள்ளையை விசாரித்த கதை

1

இந்த மாதத்தோடு நான் துபாய்க்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்காக யாரும் கேக் வெட்டவில்லை. விசா புதுப்பிக்கிற மருத்துவப் பரிசோதனை மையத்தில், கையில் டோக்கனும் முழங்கை மடிப்பில் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படி ரத்தம் கொடுத்து, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினால்தான் இந்த ஊரில் இருக்க விடுவார்கள். பைலட்டுக்கு இது போதாது. கண், காது, இதயம் என்று தனியாக இன்னொரு பரிசோதனையும் உண்டு. அதில் தேறவில்லை என்றால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், விசா போனால் மனைவியும் மகனும் என்னோடு சேர்ந்து பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தானிடமிருந்து செய்தி வந்தது. அத்தான் என்றால் என் அக்கா செல்வியின் கணவர். கயத்தாறில் நெடுஞ்சாலையை ஒட்டி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். கோவில்பட்டியிலிருந்து வடக்கே போகிற தீப்பெட்டி லோடுகளில் பாதிக்கு அவர்தான் வண்டி பிடித்துக் கொடுக்கிறார் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருடைய ஒரே மகள் மகேஸ்வரி, கழுகுமலையில் கால்நடை மருத்துவர். மழை வெயில் பாராமல் கரிசல் காட்டுக்குள் ஸ்கூட்டியை விட்டுக்கொண்டு போய், கன்று மாட்டிக்கொண்ட பசுவுக்குப் பிரசவம் பார்க்கிற பெண். அவளுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். பையன் மணியாச்சிக்காரன், பெயர் கௌதம், அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன் துபாயில் பணக்காரர்களின் ஜெட் விமானம் ஓட்டுகிறானாம்.

உன் ஊரிலேயே, உன் தொழிலிலேயே இருக்கிறான், நீதான் விசாரிக்க வேண்டும் என்றார் அத்தான். குரல் செய்தியில் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார்.

“மாப்ள, தாய்மாமன் நீ சரின்னா சரி. நீ வேண்டாம்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுருதோம். செல்வியும் அதத்தான் சொல்லுதா.”

அதன் பின்னாலேயே கேள்விகள் எழுத்தில் வந்தன. வண்டி யார் பேரில் இருக்கிறது? ஓடாத நாளுக்கும் சம்பளம் உண்டா? பேட்டா தனியா, சம்பளத்துக்குள்ளேயேவா? ஓனர் வண்டியை விற்றுவிட்டால் ஆள் கதி என்ன? போன இடத்தில் படுக்க இடம் யார் பொறுப்பு? ஓனர் போ என்றால் போய்த்தான் தீர வேண்டுமா? வீட்டுக்கு மாதத்தில் எத்தனை நாள்?

லாரி டிரைவருக்குக் கேட்கிற கேள்விகளை அப்படியே ஜெட்டுக்கும் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. டோக்கன் எண் கூப்பிடுவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் நான்கு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறேன். இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

2

பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். ஆகையால் அத்தானுக்கு எழுதிய பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

விமானக் கம்பெனியில் ஓட்டுகிறவனுக்கு மாதம் பிறக்கும் முன்னே அட்டவணை வந்துவிடும். எந்த நாள் பறக்க வேண்டும், எந்த நாள் வீட்டில் இருக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். தனியார் ஜெட்டில் அட்டவணை என்று ஒன்று கிடையாது, முதலாளியின் மனசுதான் அட்டவணை. சம்பளம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதில் ஒரு பெரிய பங்கு வீட்டு வாடகைக்கும், இன்னொரு பங்கு பள்ளிக்கூடத்துக்கும் போகும். ஓடாத நாளுக்கும் சம்பளம் உண்டு, ஆனால் ஓடாத நாள் விடுமுறை என்று அர்த்தமில்லை. கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். மகன் பள்ளி ஆண்டுவிழாவில் நான் எப்போதும் வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன், சீருடை காரில் தொங்கும்.

ஒரு ரக விமானத்தை ஓட்டப் பயிற்சி கொடுத்தால், கம்பெனி இரண்டு மூன்று வருடத்துக்கு எழுதி வாங்கிக்கொள்ளும். நடுவில் விட்டுப் போனால் பயிற்சிக்கான செலவை நீ கட்ட வேண்டும். ஆனால் முதலாளி விமானத்தை விற்றுவிட்டால் அவர் உனக்கு எதையும் கட்ட வேண்டியதில்லை. எனக்கு இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. ஒருமுறை நான் ஓட்டிக்கொண்டிருந்த விமானம் விலைபோன செய்தியை, அதற்கு எரிபொருள் ஊற்றுகிற ஆள்தான் எனக்குச் சொன்னான்.

இதெல்லாம் அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னதில்லை. லீவுக்குப் போனால் முதலாளியின் விமானத்துக்குள் இருக்கிற தோல் சோபா, தங்க நிறக் குழாய், பூ வைக்கிற ஜாடி இவற்றைத்தான் படம் காட்டுவேன். “சம்முகம் என்ன, ராஜா மாதிரி இருக்கான்” என்று கோவில்பட்டி மெயின் ரோட்டில் பேசிக்கொள்வார்கள். கேட்க எனக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சோபாவில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

வீட்டில் கதை வேறு. மகன் நித்தினுக்குப் பதினைந்து வயது. என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவான். அவன் அம்மா விஜி திட்டினால், தமிழ் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். ஒருநாள் பள்ளிப் படிவத்தில், தந்தையைத் தொடர்புகொள்ள உகந்த நேரம் என்ற இடத்தில் “தெரியாது” என்று எழுதியிருந்தான். கிண்டலாக எழுதினானா என்று கேட்டேன். இல்லை, உண்மையிலேயே தெரியாது என்றான்.

3

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விசாரிக்கிறோம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. எனக்குப் பெண் கொடுக்கும் முன்னால் விஜியின் பெரியப்பா, வாடகைக்கு வீடு தேடுகிறவர் போல எங்கள் தெருவுக்கு வந்தார். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பால்காரரிடம் பேசினார். கடைசியில் எங்கள் வீட்டுக்கே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். என் அம்மா அவருக்கு எதிர்த்தெருவில் காலியாக இருந்த வீட்டின் சாவியை வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நிச்சயதார்த்தத்தன்று அவரைப் பார்த்ததும், வீடு பிடித்திருந்ததா என்றுதான் முதலில் கேட்டாள்.

அதே புத்தி எனக்கும் வேலை செய்தது. நேரே போய், தம்பி நான் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று சொல்லியிருந்தால், இந்தக் கதையே நடந்திருக்காது. அப்படிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

விசாரித்ததில், கௌதம், பல முதலாளிகளின் ஜெட்டை ஓட்டிக் கொடுக்கிற எங்கள் கம்பெனியிலேயே ஒப்பந்தத்தில் வேலை செய்கிற கோ-பைலட் என்று தெரிந்தது. ஆறு மாத ஒப்பந்தம், முடிந்தால் புதுப்பிப்பார்கள். நான் ஓட்டுகிற அதே ரக விமானத்தைத்தான் அவனும் ஓட்டுகிறான், வேறொரு முதலாளிக்கு. என்னோடு வழக்கமாக வருகிற கோ-பைலட் அந்த வாரம் பயிற்சித் தேர்வுக்குப் போயிருந்தார். கம்பெனியில் பயணங்களை ஏற்பாடு செய்கிற மேலாளரிடம், அந்தப் பையனை எனக்குப் போடுங்களேன் என்றேன். ஏன் என்று கேட்டார். ஆள் எப்படி என்று பார்க்கலாம் என்றேன். பொய் சொல்லவில்லை என்று அப்போது மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அந்த ஒரு வார்த்தை பையன் காதுக்குப் போயிருக்கிறது. கேப்டன் உன்னைப் பார்க்க விரும்புகிறார் என்றால், எங்கள் தொழிலில் அதற்கு நிரந்தர வேலை என்று பொருள். அவன் அதிகாலை ஐந்து மணிக்கு, தேய்த்த சட்டையும் பளபளத்த ஷூவுமாக, எனக்கு முன்னே வந்து நின்றான்.

4

முதலாளியையும் அவருடைய ஆட்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜார்ஜியா நாட்டின் திபிலிசிக்குக் கிளம்பினோம். மூன்றேகால் மணி நேரப் பயணம். மதியம் ஒரு மணிக்கு அங்கிருந்து திரும்பக் கிளம்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் முந்தின நாளும் பறந்திருந்தேன். எழுந்தது இரண்டரை மணிக்கு.

விமானம் உயரத்தில் நிலைகொண்டதும் விசாரிப்பை ஆரம்பித்தேன். நான் கோவில்பட்டி என்று தெரிந்ததுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது. மணியாச்சி ஜங்ஷனில் இறங்கி வண்டி மாறாத ஆளா சார் நீங்க என்றான். நான் என் வீட்டு விவரம் எதையும் சொல்லவில்லை. குடிப்பழக்கம் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். இல்லை என்றான். மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்றேன். எத்தனை கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்றான். நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று ஆனால் என்ன செய்வாய் என்றேன். அதெல்லாம் வேலைக்குக் குறுக்கே வராது சார், வீட்டில் சொல்லிப் புரிய வைத்துவிடுவேன் என்றான்.

எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்து, அவளுக்கு என்னத்தைப் புரிய வைக்கப் போகிறான் இவன்? இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவனைக் கம்பெனிக்குப் பிடிக்கும், பெண் வீட்டுக்கு ஆகாது. அவன் வேலைக்கான தேர்வில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

திபிலிசியைச் சுற்றி மலைகள். இறங்கும்போது, பத்தாயிரம் அடிக்குக் கீழே இப்போதைக்கு வராதே என்று தரைக் கட்டுப்பாட்டில் சொன்னார்கள். நான் சரி என்று தலையசைத்துவிட்டு, கருவியில் எட்டாயிரம் என்று வைத்தேன். வைத்தது எனக்குத் தெரியவில்லை.

“சார், பத்து” என்றான் கௌதம். குரலை உயர்த்தவில்லை. நான் திருத்தினேன். இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

5

மதியம் ஒரு மணி போனது, இரண்டு போனது. முதலாளியைக் காணோம். விமானக்காரர்களுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில், நாற்காலியில் மாறி மாறிச் சாய்ந்தபடி காத்துக்கிடந்தோம். ரொட்டியும் காபியும்தான் சாப்பாடு. மூன்றரைக்கு மேலாளர் துபாயிலிருந்து போனில் கூப்பிட்டார். முதலாளிக்குப் பேச்சுவார்த்தை இழுக்கிறது, ஐந்தரைக்குக் கிளம்பலாம் என்றார்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வேலை நேரம் என்பது விமான நிலையத்துக்கு வந்த நிமிடத்திலிருந்து கணக்கு. அன்றைக்கு எங்களுக்குப் பதின்மூன்று மணி நேரம், அதாவது மாலை ஆறு வரை. ஐந்தரைக்குக் கிளம்பினால் துபாயில் இறங்க ஒன்பதை நெருங்கிவிடும். ஆனால் ஒரு சந்து உண்டு. நடுவில் ஓட்டல் அறையில் படுத்து ஓய்வெடுத்திருந்தால், அந்த நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளலாம்.

நாங்கள் எந்த ஓட்டலுக்கும் போகவில்லை. மேலாளர் அதைக் கேட்கவும் இல்லை. பத்திலிருந்து நாலு வரை ஓட்டலில் படுத்தோம் என்று படிவத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், ரசீதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். முதலாளிக்கு நாளைக் காலை துபாயில் முக்கியமான சந்திப்பு என்றும், போன வருடம் இப்படிப் பறக்க மறுத்த ஒரு கேப்டனைப் பற்றி எனக்குத் தெரியும்தானே என்றும் சேர்த்துச் சொன்னார். தெரியும். அந்தக் கேப்டன் இரண்டே வாரத்தில் ஊருக்குப் போய்விட்டார்.

இது எனக்கு முதல் தடவை இல்லை. இதற்கு முன்னால் மூன்று தடவை அந்தப் படிவத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். நாலாவது முறை பேனா எடுக்க நான் யோசிக்கவே இல்லை. நித்தினுக்குப் பத்தாம் வகுப்பு, வருட நடுவில் இருக்கிறது. விசாவை இப்போதுதான் புதுப்பித்திருக்கிறேன். எழுதிவிட்டுப் படிவத்தைக் கௌதமிடம் நகர்த்தினேன்.

அவன் படித்தான். மறுபடி படித்தான். பேனாவை எடுக்கவில்லை.

“சார், எனக்கு இந்த வேலை வேணும். ஆனா இதுல நான் கையெழுத்துப் போடல. நாம எங்கன சார் படுத்தோம்?”

எனக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்ற வாய்தானே இது என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேலைக்காகச் சொன்னேன் சார் என்றான். பிறகு நிமிர்ந்தான்.

“நான் ஓட்டுத நெலமையில இல்ல சார். நீங்களும் இல்ல. காலையில அந்த எட்டாயிரம் வைக்கும்போது நமக்கு ரெண்டு பேருக்கும் இன்னும் தெம்பு இருந்துச்சு.”

தாய்மாமனாக அந்த நிமிடம் நான் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. வீடு, பள்ளிக்கூடம், விஜி, விசா, இதுதான் தலைக்குள் ஓடியது. நான் கேப்டன். நேரம் தாண்டிவிட்டது, நான் புறப்பட மாட்டேன் என்று சொல்ல வேண்டியது என் வேலை. அதற்குத்தான் எனக்கு அவனைவிட இரண்டு மடங்கு சம்பளம்.

போனை எடுத்தேன். அவன் எதிரிலேயே மேலாளரிடம் சொன்னேன். நான் தயார்தான், கோ-பைலட்தான் மறுக்கிறார் என்றேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

6

முதலாளி வேறொரு ஜெட்டை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டார். நாங்கள் அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலை காலி விமானத்தைக் கொண்டுவந்தோம். கௌதம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். நடுவில், காபி வேணுமா சார் என்று கேட்டான். இவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு இருந்தது.

பத்து நாளில் அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம், இந்தத் தொழில் இங்கே சின்ன வட்டம். பறக்க மறுக்கிற பையன் என்று எல்லாக் கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது. இனி முப்பது நாளைக்குள் வேறு வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி என்னைப் பார்த்தபோது தோளில் தட்டினார்.

கௌதம் ஒருமுறை போன் செய்தான். போகிற இடத்திலெல்லாம் கேட்கிறார்கள் சார், அன்றைக்கு நேரம் தாண்டியதால்தான் கிளம்பவில்லை, ஓட்டலில் ஓய்வு எடுக்கவில்லை என்று கேப்டனாக ஒரு கடிதம் கொடுத்தீர்கள் என்றால் போதும் என்றான். பார்க்கலாம் தம்பி என்றேன். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதா. சரி சார் என்று வைத்துவிட்டான்.

அன்றைக்கே அத்தானும் கேட்டார். விசாரித்தாயா என்றார். எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது. வேண்டாம் அத்தான், பையனுக்கு வேலை போய்விட்டது, முதலாளி சொன்னதைக் கேட்கவில்லையாம் என்றேன். அத்தான் எதிர்க்கேள்வி எதுவும் கேட்கவில்லை. “நீ சொன்னா சரியாத்தான் மாப்ள இருக்கும்” என்றார். பிறகு நித்தின் எப்படிப் படிக்கிறான் என்று விசாரித்துவிட்டு வைத்தார்.

அந்தப் பையன் எங்கள் குடும்பத்துக்குள் வந்துவிட்டால், ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் முகத்தில் நான் முழிக்க வேண்டும். அதிலிருந்து தப்பித்தேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லி என்ன பயன்.

7

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், மகேஸ்வரி கூப்பிட்டாள். சாதாரணமாக அவள் வீடியோவில்தான் வருவாள். அன்றைக்குக் குரல் மட்டும். கழுகுமலையிலிருந்து பேசுகிறாள், பின்னால் ஏதோ மாடு கத்துகிறது.

அத்தை சௌக்கியமா, நித்தின் எழுந்துவிட்டானா என்று கேட்டுவிட்டு, விஷயத்துக்கு வந்தாள். ஜாதகம் பொருந்தியதும் இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ளச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக அவளும் கௌதமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேலை போனதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கிறான். அத்தான் இதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“மாமா, திபிலிசில நடந்தது பூரா என்கிட்ட சொன்னாவ. கூட வந்த கேப்டன் கோவில்பட்டிக்காரர்னும் சொன்னாவ. பேரச் சொல்லல. நானும் கேக்கல.”

அவள் காத்திருந்தாள். படுக்கையறையில் விஜி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

“அது நான்தான் தாயி” என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். எட்டாயிரம் அடியைச் சொன்னேன், படிவத்தைச் சொன்னேன், போனில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். முன்னால் மூன்று தடவை எழுதியதையும் சொன்னேன். விஜிக்கும் அதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

மகேஸ்வரி அழவில்லை, கோபப்படவும் இல்லை. பிரசவம் சிக்கலான மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது பேசுகிற குரலில் பேசினாள்.

“அவிய ஒங்கள ஒரு வார்த்தை திட்டல மாமா. குடும்பம் இருக்கு, பயந்துட்டார்னு மட்டும் சொன்னாவ. இந்தக் கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, நான் இன்னும் முடிவு பண்ணல. ஆனா யாரக் கட்டிக்கிட்டாலும் மணவறையில நீங்கதான எனக்கு மாமனா நிக்கணும். அந்த லெட்டர எழுதிக் குடுத்துட்டு வந்து நில்லுங்க.”

போனை வைத்துவிட்டாள். மாட்டைப் பார்க்கப் போயிருப்பாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். இங்கிலீஷில் நாலே நாலு வரி. அன்றைக்கு எங்கள் பணி நேரம் ஆறு மணியோடு முடிந்தது. நாங்கள் எந்த ஓட்டலிலும் ஓய்வெடுக்கவில்லை. பொய்யாக எழுதச் சொன்ன படிவத்தில் கையெழுத்திட மறுத்த கோ-பைலட் செய்தது சரி. கேப்டனாக அதைச் சொல்ல வேண்டிய நான் சொல்லவில்லை.

விஜி பின்னால் நின்று படித்தாள். அவள் தியாகி மாதிரி எதுவும் பேசவில்லை. நித்தினுக்குப் பரீட்சை முடிகிறவரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டாள். கௌதமுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது என்றேன். பிறகு, இதைக் கம்பெனிக்கும் அனுப்பத்தான் வேண்டுமா என்றாள். கௌதமுக்கு மட்டும் அனுப்பினால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணி மடிக்கிற சத்தம் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து, அனுப்பிவிட்டீர்களா என்றாள். இல்லை என்றேன். “அனுப்புங்க, அப்புறம் சாப்பிட வாங்க” என்றாள்.

கௌதமுக்கும் கம்பெனிக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினேன். கம்பெனியிலிருந்து இதுவரை பதில் இல்லை. இந்த வாரம் எனக்குப் பயணமும் இல்லை. விமானம் கொட்டகையில்தான் நிற்கிறது என்று மட்டும் தெரியும். கௌதம், நன்றி சார் என்று இரண்டே சொல் அனுப்பினான். நான் பெண்ணுக்குத் தாய்மாமன் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. மகேஸ்வரி சொல்லட்டும்.

அத்தானுக்கு எழுத்தில் அனுப்ப மனம் வரவில்லை. குரலில்தான் சொன்னேன்.

“அத்தான், அந்தப் பையனைப் பத்தி நான் சொன்னது பொய். வண்டி ஓட்ட முடியாத நெலமையில முடியாதுன்னு சொன்னதுக்குத்தான் அவனுக்கு வேலை போச்சு. போக வச்சது நான்தான். இந்த விசயத்துல இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க. நான் எப்படிப்பட்ட ஆளுன்னு விசாரிக்கணும்னா, அவன்ட்ட விசாரிங்க.”